காசிலேயே குடும்பக் கட்டுப்பாடு விளம்பரம்! அப்புறம் இந்தோனேசியாவில் என்ன ஆச்சு?

[திரையில்: 5 ரூபியா நாணயம், நெருக்கத்தில்]

ஒரு நாடு தன் காசில் யாரைப் போடும்? ராஜா, தலைவர், சிங்கம், யானை. இந்தோனேசியா 1974-இல் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகளைப் போட்டது. கூடவே குடும்பக் கட்டுப்பாட்டு வாசகம் வேறு. மிட்டாய் வாங்கப் போகும் பையன் கையிலும் பிரச்சாரம்!

பின்னணியை ஓட்டிவிடலாம். அதிபர் சுகார்த்தோவின் ஆட்சி. 1970-இல் இதற்கென்றே ஒரு தேசிய அமைப்பு. 1960-களின் கடைசியில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 5.6 பிள்ளைகள், 2002 வாக்கில் 2.6. அவ்வளவுதான்.

எனக்குச் சுவாரசியம் பாலித் தீவுதான். அங்கே பஞ்சார் என்று ஓர் ஊர்க்கூட்டம். கோயில் திருவிழாவிலிருந்து சாவுச் சடங்கு வரை அதில்தான் முடிவாகும். அதிகாரிகள் குடும்பக் கட்டுப்பாட்டையும் அந்தக் கூட்டத்திலேயே நுழைத்துவிட்டார்கள். மண்டபச் சுவரில் ஊர் வரைபடம் தொங்கும். லூப் (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) போட்ட வீட்டுக்கு ஒரு நிறம், மாத்திரை சாப்பிடும் வீட்டுக்கு இன்னொரு நிறம். வீட்டுக்காரர் எழுந்து, மனைவி எந்த முறையில் இருக்கிறார் என்று சபையில் சொல்ல வேண்டும். அபார்ட்மென்ட் லிஃப்ட் பக்கத்தில் மெயின்டெனன்ஸ் கட்டாதவர் பட்டியல் ஒட்டுவார்களே, அதைப் படுக்கையறைக்கும் ஒட்டினால் எப்படி இருக்கும்?

பலன் கிடைத்தது, உண்மை. ஆனால் எனக்கு இது பிடிக்கவில்லை. அந்தப் பெண்ணை யாராவது கேட்டார்களா? நாட்டின் வேறு சில இடங்களில் பட்டாளத்துக்காரர்களும் கூடவே வந்து நின்றார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், கமென்டில் சண்டை போடலாம்.

1998-இல் சுகார்த்தோ போனார். 2004-க்குள் இந்த வேலை மாவட்டங்களின் தலையில் விழுந்தது. அதிகாரம் கீழே வருவது நல்லதுதானே? சரிதான். ஆனால் மாவட்டத் தலைவரான புபாத்தி 2005 முதல் நேரடித் தேர்தலில் வருபவர். பாலம் கட்டினால் ரிப்பன் வெட்டலாம். கருத்தடை ஆலோசனைக்கு எதை வெட்டுவது?

பல மாவட்டங்களில் அந்த அலுவலகத்தை வேறு துறையோடு சேர்த்துவிட்டார்கள். களப்பணியாளர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். ஓய்வு பெற்றவர் இடத்துக்குப் புது ஆள் வரவில்லை. 2012 கணக்கெடுப்பிலும் ஒரு பெண்ணுக்கு அதே 2.6 பிள்ளைகள்.

ஏறாமல் பிடித்து நிறுத்தியவர்கள் யார் தெரியுமா? பிடான்கள், அதாவது மருத்துவச்சிகள். 2012-இல் கருத்தடை செய்துகொண்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் தனியாரிடம்தான் போனார்கள், பெரும்பாலும் மூன்று மாத ஊசிக்கு. கைக்காசு போட்டு! லூப் போட்டவர்களோ 1991-இல் 13 சதவீதம், 2012-இல் 4 சதவீதம். ஊசி எளிது, ஆனால் அடுத்த தவணையைத் தவறவிடுவதும் எளிது.

அதனால் இப்போது பிரச்சாரம் தம்பதிகளிடம் மட்டும் நடப்பதில்லை, பட்ஜெட் போடுபவர்களிடமும் நடக்கிறது. மாவட்டத்தில் ஒரு குழு சேர்ந்து, கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு புபாத்தியைப் பார்க்கிறது: 'இந்த ஆண்டு பட்ஜெட்டில் இதற்கு ஒரு வரி வேண்டும்.' 2014 கிராமச் சட்டத்துக்குப் பிறகு ஊர்த் தலைவர் கையிலும் நிதி இருப்பதால், அங்கேயும் அதே கோரிக்கை. அதே 2014-இல் இன்னொரு சட்டம் களப்பணியாளர்களை மத்திய அரசின் கீழ் திரும்பக் கொண்டுவந்தது. சம்பளக் கவலை தீர்ந்தது. மாவட்டப் பணம் வேண்டுமென்றால் மட்டும், தேர்தல் முடிந்து புது புபாத்தி வந்ததும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து சொல்லத் தொடங்க வேண்டும்.