அருகில் செல்லும் பொறுமையே!

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். "தொலைதூர வேட்டையில் விலங்கின் வேதனையைக் குறைப்பது நவீனக் குண்டா, அருகில் செல்லும் பொறுமையா?" என்பது தலைப்பு. நான் பொறுமையின் பக்கம். அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாடப் போகிறவன் நான், அதனால் வேட்டையே கூடாது என்று இங்கே வாதாடப் போவதில்லை.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "குண்டு முன்னேறிவிட்டது, 800 கெஜத்திலும் விரிகிறது, அப்புறம் என்ன தடை?" என்று கேட்டார். சரி, குண்டிலிருந்தே தொடங்குகிறேன்.

வேட்டைக் குண்டு மானின் உடலுக்குள் புகுந்ததும் முனை மலர்ந்து விரிய வேண்டும். விரிந்தால்தான் நுரையீரல் கிழிந்து, ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து, மான் சில நொடிகளில் சாயும். விரியாவிட்டால் கோணி ஊசி நுழைந்த மாதிரி சின்ன ஓட்டை போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும். மான் சாகும், ஆனால் எங்கோ போய், மெதுவாக. 1899-இல் ஹேக் மாநாடு விரியும் குண்டுகளைப் போரில் தடை செய்தது, கல்கத்தா பக்கம் டம்டம் ஆலையில் செய்த குண்டுகள் அந்தச் சர்ச்சையில் பெரிதாக அடிபட்டன. அதே வகைக் குண்டைத்தான் இங்கிலாந்தின் மான் சட்டம் வேட்டைக்குக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. காயப்பட்ட போர்வீரனைத் தூக்கிப்போய்ப் பிழைக்க வைக்கலாம், காயப்பட்ட மானுக்கு யார் இருக்கிறார்கள்?

விரிவதற்கு வேகம் வேண்டும். 6.5 கிரீட்மோர் என்னும் வகை ரைஃபிளில் 143 கிரெய்ன், அதாவது ஒன்பது கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ள குண்டு நொடிக்கு 2700 அடி வேகத்தில் கிளம்புகிறது என்று வையுங்கள். 500 கெஜத்தில் சுமார் 2000 அடியாகிவிடும். 700 கெஜத்தை நெருங்கும்போது 1800-க்கு இறங்கிவிடும், வழக்கமான ஈயமுனைக் குண்டுகள் நம்பி விரிவதற்கு வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் கோடு ஏறத்தாழ அதுதான். உயரமான மலையில் காற்று மெலிந்திருப்பதால் அந்தத் தூரம் கொஞ்சம் கூடும், அவ்வளவே.

"1300 அடி வேகத்திலும் விரியும் குண்டை, குண்டு தயாரிக்கும் நோஸ்லர் நிறுவனமே விற்கிறதே!" என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு மெதுவான வேகத்தில் மலரும்படி முனையை மென்மையாக்கினால், அதே குண்டு பக்கத்தில் நிற்கும் எல்க்கின் தோள் எலும்பில் முழு வேகத்தில் மோதும்போது சிதறும் அபாயம் கூடுகிறது. ஓர் ஓரத்தைச் சரிசெய்ய இன்னோர் ஓரத்தில் விலை கொடுக்கிறோம்.

அந்த நிறுவனத்தின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் ஒரு மூஸ் மானைச் சுட்டபோது, குண்டுகள் ஆழமாகப் போகாமல் மேலேயே உடைந்தன. அந்த வேதனையில்தான் நடுவில் தடுப்புச் சுவர் உள்ள பார்ட்டிஷன் குண்டைச் செய்தார். குறை குண்டில் இருந்தது, குண்டை மாற்றினார், தீர்ந்தது. தொலைவின் குறை குண்டில் இல்லையே! காற்றிலும் நேரத்திலும் அல்லவா இருக்கிறது?

முதலில் நேரம். நான் சொன்ன அதே குண்டு 800 கெஜம் போக ஒரு நொடிக்கு மேல் ஆகிறது. சாதாரணமாக நடக்கும் எல்க் அந்த நேரத்தில் ஐந்தாறு அடி நகர்ந்துவிடும். விசையை அழுத்தியபோது நின்றுகொண்டிருந்த மான், குண்டு வரும்போது ஓர் எட்டு வைத்தாலே போதும், நுரையீரலில் விழ வேண்டியது குடலில் விழும். குடலில் பட்ட மான் மணிக்கணக்கில் துடிக்கும். குண்டு அற்புதமாக விரிந்தது என்று அப்போது பெருமைப்பட முடியுமா?

அடுத்தது காற்று. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று இந்தக் குண்டை 500 கெஜத்தில் ஒரு அடிக்கு மேல் தள்ளும், 800-இல் மூன்றடிக்கு மேல். எல்க்கின் உயிர்நிலை, அதாவது இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம், ஒன்றரை அடி அகலம் இருந்தால் அதிகம். தூரமானி கெஜத்தைச் சொல்லும், கைபேசி கணக்குப் போடும், ஆனால் பள்ளத்தாக்கின் நடுவில் காற்று எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை நம் காதருகே வீசும் காற்றை வைத்து எப்படிச் சொல்வது?

1887-இல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கம், வேட்டைக்காரர்களின் சங்கம், தொலைதூரச் சுடுதல் விலங்கின் மேல் நியாயமற்ற சாதகம் எடுத்துக்கொள்வது என்றே அறிவித்திருக்கிறது. தொலைவில் சுட உதவும் கனத்த துப்பாக்கிகளுக்கு அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலும் தடை உண்டு, அங்கே இணைப்புகளோடு சேர்த்து 16 பவுண்டுக்கு மேல் எடையுள்ள துப்பாக்கியோடு பெருவிலங்கு வேட்டைக்குப் போகக்கூடாது.

கடைசியாக, எதிரணி தொடவே தொடாத ஒன்று. சுட்ட பிறகு என்ன? 200 கெஜத்தில் சுட்டால் மான் எப்படித் துள்ளியது, எந்தப் புதருக்குள் போனது என்று கண்ணால் பார்க்கிறேன், தேவைப்பட்டால் உடனே இரண்டாவது குண்டு. 800 கெஜத்தில், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் சுட்டவர் இறங்கி ஏறிப் போய்ச்சேர ஒரு மணி நேரம்கூட ஆகலாம். மான் நின்ற இடமே பிடிபடாது. ரத்தத் துளியைத் தேடிப் பார்த்து, ஒன்றும் இல்லை, குறி தப்பியிருக்கும் என்று முடிவுகட்டித் திரும்புவார். அப்படித் திரும்பியவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே குறி தவறினார்கள் என்பதை எந்தக் குண்டு சொல்லும்? எதிரணி பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.