அழிறப்பரும் இரண்டு லட்சமும்

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித் தலைவி அக்கா அவர்களே, எதிரணித் தம்பிமாரே, நுளம்புக்கடியையும் பார்க்காமல் வாசிகசாலை முற்றத்தில் உட்கார்ந்திருக்கிற உவர்மலைச் சனங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

“பழுதான கணினியையும் போனையும் திருத்திப் பாவிப்பதா, புதிதாக வாங்குவதா, எது கெட்டித்தனம்?” என்பது இன்றைய தலைப்பு. திருத்திப் பாவிப்பதே கெட்டித்தனம் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய தம்பி நல்லாகத்தான் பேசினார். கைதட்டலும் வாங்கினார். அவர் சொன்னது இதுதான்: பழைய கணினி ஆமை, பழைய விண்டோஸுக்குப் பாதுகாப்பு இல்லை, புதுக் கேம் ஓடாது, பழைய கேமில் என்ன இருக்கிறது, திருத்துகிற நேரத்துக்கு ஓவர்டைம் செய்தால் புதிதே வாங்கிவிடலாம். கடைசியில் சட்டைப் பைக்குள் இருந்து தன் போனை எடுத்துத் தூக்கிக் காட்டினார். “ஒரு லட்சம் ரூபா. இரண்டரை வருஷம்தான் ஆகிறது. திரை கழன்றுகொண்டு வருகிறது. இதை யார் ஒட்டுவது?” என்று கேட்டார். சபை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் போன் இப்போது அவருடைய மேசையில் கிடக்கிறது. நான் பேசிக்கொண்டே அதையும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன். ஏனென்று பிறகு சொல்கிறேன்.

நடுவர் ஐயா, நான் பகலில் கணக்கெழுதுகிறவள். பின்னேரத்தில் திருப்புளியும் கையுமாக இருப்பவள். கடையெல்லாம் இல்லை, ஒரு மேசையும் ஒரு பிஸ்கட் டின்னும்தான். போன வருஷம் திருக்கடலூர்ப் பக்கத்தில் இருக்கிற ஓர் அக்கா ஒரு லாப்டொப்பைப் பழைய துவாயில் சுற்றிக் கொண்டுவந்தார். மகள் உயர்தரம் படிக்கிறாள். பட்டனை அமத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. கொண்டுபோய்க் காட்டிய இடத்தில் திறந்துகூடப் பார்க்காமல் “மதர்போட் போய்விட்டது, புதிது வாங்குங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். புதிதின் விலை இரண்டு லட்சம். அக்கா கழுத்துச் சங்கிலியை அடைவு வைக்க ஆயத்தமாகிவிட்டார். அதற்கு முன் ஒருதரம் உன்னிடம் காட்டுவோம் என்றுதான் வந்தேன் என்றார்.

அடிப்பக்க மூடியைக் கழற்றினேன். முதலில் பற்றரி இணைப்பைப் பிடுங்கினேன். பிறகு ராம் அட்டை, அதாவது கணினி வேலை செய்யும்போது பாவிக்கிற தற்காலிக நினைவகம். இரண்டு பக்கமும் இருக்கிற சின்னப் பிடிகளை வெளியே தள்ளினால் அது தானாகத் தலையைத் தூக்கும். அதன் விளிம்பில் வரிசையாகப் பொன்னிறப் பற்கள் இருக்கும். அவை மினுங்க வேண்டும். இதிலோ கோவில் குத்துவிளக்கை ஒரு வருஷம் துலக்காமல் விட்டதுபோல மங்கிக் கிடந்தன. இரண்டு பற்களின் ஓரத்தில் லேசான பச்சை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பர் இருக்கிறதல்லவா, அதை எடுத்து மெல்லத் தேய்த்தேன். தூளைத் தட்டி, ஐசோபுரோப்பைல் அல்ககோல் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, சரிவாகச் செருகி அமத்தினேன். டக் என்று இருந்தது. பட்டனை அமத்தினேன். ஒன்றுமில்லை. அரை நிமிஷம், ஒரு நிமிஷம். அக்கா என் முகத்தைப் பார்க்கிறார், நான் விசிறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்புறம் திரையில் கம்பனியின் பெயர் வந்தது.

செலவு, ஓர் அழிறப்பரின் கால்வாசி.

இது மாயம் இல்லை. உவர்மலை, உப்புவெளி என்று ஊர்ப்பெயரிலேயே உப்பை வைத்திருக்கிற சனங்கள் நாங்கள். கடற்காற்றோடு வருகிற உப்பு எல்லாவற்றிலும் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் அது மின்சாரம் கடத்துகிற கரைசல். அந்தப் பற்களில் தங்கம் மிக மெல்லிய பூச்சுத்தான். அதில் உள்ள நுண்துளை வழியாகக் கரைசல் இறங்கினால் அடியில் இருக்கிற செம்பு பச்சை பிடிக்கும். தொடுகை போய்விடும். ராம் இல்லாமல் கணினி எழும்பாது. ஜன்னல் கம்பி துருப்பிடித்தால் வீட்டை இடிக்கிறோமா? உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மை பூசுகிறோம். கணினி என்று வந்தவுடன் மட்டும் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறோம்.

எல்லாவற்றையும் அழிறப்பர் திருத்தாது, தெரியும். எதிரணி கேட்பதற்கு முன் நானே ஒப்புக்கொள்கிறேன். சொந்தச் சித்தப்பாவின் போனைத் திறக்கப்போய் அதன் நாடாக் கம்பியை அறுத்தவள் நான். சித்தப்பா இரண்டு மாதம் பேசவில்லை. பேசுவதற்கு அவரிடம் போனும் இல்லை. அந்தப் போனின் இரண்டு திருகாணிகள் இன்னும் என் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கின்றன.

சரி, ஆமைக் கதைக்கு வருவோம். கணினி மெதுவாகிவிட்டது என்றால் எது மெதுவானது என்று கேட்க வேண்டும். ஒரு பலசரக்குக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளி கணக்கில் புலி. ஆனால் உள்ளறைக்குப் போய்ச் சாமான் எடுத்துவருகிற பையன் நொண்டி நொண்டி நடக்கிறான். கடையில் கூட்டம் குவிகிறது. நாங்கள் என்ன செய்கிறோம்? முதலாளியை மாற்றுகிறோம்! பத்து வருஷத்துக்கு முந்திய லாப்டொப்பில் முதலாளி புரொசசர், அந்தப் பையன்தான் கோப்புகளை வைத்திருக்கிற ஹார்ட் டிஸ்க். நிமிஷத்துக்கு 5,400 தரம் சுற்றுகிற தட்டு, அதன் மேல் அலைகிற ஒரு கை. எங்கோ இருக்கிற ஒரு துண்டைத் தேடி எடுக்க ஏறக்குறைய 15 மில்லிசெக்கன் பிடிக்கும். சுற்றுகிற பாகமே இல்லாத எஸ்எஸ்டி என்கிற புதுவகைச் சேமிப்பகம் அதே வேலையை 0.1 மில்லிசெக்கன் அளவில் முடிக்கும். விண்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடுகிறது, பெருக்கிப் பாருங்கள். புதுக் கணினி விலையில் ஒரு சிறு பங்குச் செலவில் பையனை மாற்றினால், தேத்தண்ணி போட்டுவிட்டு வரும்வரை திறக்காத கணினி, கேத்தலை அடுப்பில் வைக்கும் முன் திறக்கிறது. கச்சான் காற்றுக் காலத்தில் சூடாகித் தானாக அணைகிற கணினிக்கு இன்னும் மலிவு: விசிறித் தூசியைத் தட்டி, புரொசசரின் சூட்டைக் கடத்துகிற, காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றினால் போதும்.

போனிலும் இதே கதைதான். பழைய ஐபோன்களைத் தாங்களே வேகம் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. மூப்படைந்த பற்றரி திடீரென்று கைவிட்டுப் போன் அணைந்துவிடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றது. புதுப் பற்றரி போட்டால் வேகம் திரும்பிவரும். 79 டொலருக்கு மாற்றிக்கொடுத்ததை ஒரு வருஷத்துக்கு 29 டொலராக இறக்கினார்கள். அதற்குள் எத்தனை பேர் “போன் ஸ்லோ” என்று புதிதுக்கு மாறியிருப்பார்கள்! நோய் பற்றரியில், மாற்றியது போனை.

அடுத்தது விண்டோஸ். விண்டோஸ் 10க்கு வழமையான பாதுகாப்பு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்தது உண்மைதான். விண்டோஸ் 11 பழைய பல கணினிகளை ஏற்காது, டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும் என்று கேட்கிறது, அதுவும் உண்மை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒக்டோபர் 13ஆம் திகதி இரவு ஓடிய கணினி 15ஆம் திகதி காலையிலும் ஓடியது. அது பழுதாகவில்லை. வாசலில் நிற்கிற காவற்காரன் சட்டத்தை மாற்றிவிட்டான். அப்படியானால் வேறு வாசலால் போவோம். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் இலவசம், 4 ஜிபி ராமில் ஒழுங்காக ஓடும், பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வரும். கடிதம் எழுத, படம் பார்க்க, பிள்ளையின் சூம் வகுப்புக்கு அது தாராளம். அலுவலக மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்கிறவருக்கு இது சரிவராது. அவர் வாங்கட்டும், நான் மறிக்கவில்லை.

கேம் விஷயத்தில் தம்பியோடு பாதி ஒத்துப்போகிறேன். புதுக் கேமுக்குப் புது கிராபிக்ஸ் கார்ட் வேண்டும்தான். ஆனால் அது பழுதுக் கணக்கில் சேராது, ஆசைக் கணக்கில் சேரும். ஆசைப்படுவது குற்றமில்லை. “என் கணினி பழுது” என்று அம்மாவிடம் சொல்வதுதான் குற்றம். பழைய கேமில் என்ன இருக்கிறது என்று கேட்டாரே, 1989இல் நின்டெண்டோவுக்கு வந்த, விழுகிற கட்டைகளை அடுக்குகிற டெட்ரிஸ் இருக்கிறது. அந்தக் கேம் மேற்கொண்டு ஓட முடியாமல் உறைந்து நிற்கிற இடம் வரைக்கும் அதைக் கொண்டுபோன முதல் மனிதர் 2023 டிசம்பரில்தான் வந்தார். அமெரிக்காவில் 13 வயதுப் பொடியன். முப்பத்துநாலு வருஷமாக ஒருவராலும் முடிக்க முடியாத கேமைப் பழசு என்று சொல்வது எப்படி?

இப்போது கொஞ்சம் தூரம் போவோம், நடுவர் ஐயா. 2,400 கோடி கிலோமீற்றருக்கும் மேல்.

வொயேஜர் 1 விண்கலம் 1977 செப்டெம்பர் 5ஆம் திகதி புறப்பட்டது. அதற்குள் இருக்கிற கணினிகளின் நினைவகம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 70 கிலோபைட். தம்பி காலையில் குரூப்பில் போடுகிற குட்மோர்னிங் படம் அதைவிடப் பெரிது. 2023 நவம்பரில் அது உளறத் தொடங்கியது. சமிக்ஞை வருகிறது, அர்த்தம் இல்லை. நாசாக்காரர்கள் ஒரு கட்டளை அனுப்பினால் போய்ச் சேர 22½ மணித்தியாலம், பதில் வர இன்னொரு 22½ மணித்தியாலம். அதன் நிரலை எழுதியவர்களில் பலர் இப்போது இல்லை. பழைய தாள்களைப் புரட்டினார்கள். கடைசியில் பிடித்தார்கள்: தரவைப் பொதிசெய்கிற கணினியின் நினைவகத்தில் 3 சதவீதம் கெட்டிருக்கிறது, காரணம் ஒற்றைச் சிப். அதைக் கழற்ற முடியாது. அதில் இருந்த நிரலை வேறிடத்துக்கு மாற்றலாம் என்றால், முழுதாகக் கொள்கிற ஓர் இடம்கூட இல்லை. துண்டு துண்டாக வெட்டி, கிடைத்த மூலையில் எல்லாம் செருகி, ஒன்றோடொன்று ஒத்துப்போகிற மாதிரி முகவரிகளைத் திருத்தி, 2024 ஏப்ரல் 18இல் முதல் துண்டை அனுப்பினார்கள். 20ஆம் திகதி வொயேஜர் தன் உடல்நிலையை ஒழுங்காகச் சொன்னது.

“அவர்களுக்கு வேறு வழியில்லை, அதனால் திருத்தினார்கள்” என்று எதிரணித் தலைவர் முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. முழுக்கச் சரி ஐயா. நான் சொல்ல வந்ததும் அதுதான். வழி இல்லாததால் எங்கே பழுது என்று ஐந்து மாதம் தேடினார்கள். எங்களுக்குக் கடை பக்கத்தில் இருப்பதால் ஐந்து நிமிஷம்கூடத் தேடுவதில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கையில் டொலர் 200 ரூபாவில் இருந்து 360க்குப் பாய்ந்தபோது, கரண்ட் 13 மணித்தியாலம் போனபோது, இதே ஊரில் பரணில் கிடந்த கணினியெல்லாம் எப்படி இறங்கி வந்தன? அப்போது மட்டும் திருத்தத் தெரிந்ததே.

ஓவர்டைம் கணக்கு சொன்னீர்கள். நல்ல கணக்கு. தூக்கிப் போட்ட பழையதை அதில் எங்கே எழுதினீர்கள்? 2022இல் மட்டும் உலகம் எறிந்த மின்கழிவு 6 கோடி 20 லட்சம் தொன். முறையாகச் சேகரித்து மீள்சுழற்சிக்குப் போனதாகப் பதிவானது 22.3 சதவீதம். புது லாப்டொப் வந்த அட்டைப்பெட்டியைப் பேருந்து நிலையப் பக்கம் வைத்தால் திருகோணமலைத் தெருக்களில் திரிகிற எங்கள் ஊர் மான்கள் தின்றுவிடும். பழைய மதர்போட்டை அவையும் தொடா.

மணி அடித்துவிட்டீர்கள், ஐயா. ஒரே நிமிஷம். போன் விஷயம் பாக்கி இருக்கிறது.

தம்பி, உங்கள் திரை பசை விட்டுக் கழரவில்லை. இங்கிருந்து பார்த்தாலே தெரிகிறது, நடுவில்தான் மேடாக இருக்கிறது. உள்ளே பற்றரி ஊதியிருக்கிறது. லிதியம் பற்றரி கெடும்போது உள்ளிருக்கிற திரவம் சிதைந்து வாயுவாகும், அந்த வாயுதான் திரையைத் தூக்குகிறது. திருத்தித் திருத்திப் பாவி என்று இவ்வளவு நேரம் கத்திய நானே சொல்கிறேன், ஊதின பற்றரியை ஒரு நாளும் வைத்திருக்கக் கூடாது. ஆனால் மாற்ற வேண்டியது பற்றரியைத்தான். என் கணக்கில் நீங்கள் சொன்ன லட்சத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் முடியும். பாவிப்பவரே கழற்றி மாற்றக்கூடிய பற்றரிதான் பொதுவாகப் போனில் இருக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் 2027 பெப்ரவரியில் இருந்து சட்டம் வருகிறது. உங்களுடையது பசை போட்டு ஒட்டியது, அதனால் நீங்கள் கத்தி வைத்து நெம்பிப் பார்க்க வேண்டாம். குத்துப்பட்டால் நெருப்புப் பிடிக்கும்.

அதைத் திரும்பச் சட்டைப் பைக்குள் வைக்காதீர்கள், அப்படியே மேசையில் கிடக்கட்டும். இன்றிரவு சாஜரில் போடவும் வேண்டாம். நாளைக்குப் பின்னேரம் வீட்டுப் பக்கம் கொண்டு வாருங்கள். சித்தப்பாவின் போனை அறுத்த கை என்று பயமாக இருந்தால் சொல்லுங்கள், என்னைவிடக் கைப்பக்குவமான ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன்.

நன்றி, வணக்கம்.