குழந்தை தூங்கும்போது நீங்கள் தூங்குகிறீர்களா?

எல்லாருக்கும் வணக்கம். குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால் நாம் என்ன கேட்கிறோம்? எடை எவ்வளவு, யார் ஜாடை, பால் குடிக்கிறதா. பெற்றவளைப் பற்றி ஒரு கேள்வி வராது.

என் மகள் பிறந்த மூன்றாவது வாரம். நடுராத்திரி, குழந்தை அயர்ந்து தூங்குகிறது, நான் மட்டும் அவள் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடக்கிறேன், விரலை எடுத்தால் ஏதோ ஆகிவிடும் என்று பயம். "பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கேன்" என்றார்கள். தூக்கம் வந்தால்தானே! பகலில் வந்தவர்களிடம் சிரித்துப் பேசினேன், அதனால் யாருக்கும் தெரியவில்லை.

பிரசவமான இரண்டு மூன்று நாளில் அழுகை வருவது சகஜம். நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் இரண்டும் சரசரவென்று இறங்கிவிடும், கூடவே தூக்கமின்மை. இந்த அழுகை இரண்டு வாரத்துக்குள் தானாக வடிந்துவிடும். வடியாமல், எதிலும் பிடிப்பில்லாமல், "நான் நல்ல அம்மா இல்லை" என்ற நினைப்பே ஓடிக்கொண்டிருந்தால் அது மனச்சோர்வு. கர்ப்பத்திலேயே தொடங்குவதும் உண்டு. உலக சுகாதார நிறுவனக் கணக்கில், பிரசவமான பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் வருகிறது, பெரும்பாலும் மனச்சோர்வுதான். இதில் பாசக்குறைவும் இல்லை, சோம்பலும் இல்லை. மனநல நிபுணரிடம் பேசியே சரிசெய்யும் சிகிச்சை இருக்கிறது, தாய்ப்பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய மாத்திரைகளும் இருக்கின்றன, டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னால் போதும்.

ஒன்று மட்டும் தனி. இல்லாத குரல் கேட்கிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறாள், தூக்கமே தேவைப்படாதவள் போல் நடமாடுகிறாள் என்றால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அரிதுதான், ஆனால் அவசரம். சாகலாம் என்று ஒருமுறை சொன்னாலும் அப்படித்தான்.

அப்புறம் அப்பாக்கள். உங்களுக்கும் இந்த மனச்சோர்வு வரலாம், ஆனால் பலருக்கு அழுகையாக வராது, எரிச்சலாக வரும், வீட்டுக்குத் திரும்பவே மனமில்லாமல் வேலை இடத்திலேயே உட்கார வைக்கும்.

உதவ வருகிறவர்கள் அறிவுரையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ராத்திரி நான்கு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொண்டு வேறு அறைக்குப் போங்கள், அம்மா ஒரே மூச்சாகத் தூங்கட்டும்.

இந்த மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க, 1987-இல் வெளியான எடின்பரோ கேள்வித்தாள் ஒன்று உண்டு. கடந்த 7 நாள் மனநிலை பற்றி 10 கேள்விகள், ஐந்து நிமிடம் போதும். பிரதிகள் வாசல் பக்க மேசையில் இருக்கின்றன. கணவர்களும் தங்களுக்கென்று ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.