காஸல் மன்னரும் கடைத் தேங்காயும்

அவைத் தலைவர் ஐயா அவர்களே, மழையையும் பாராமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, மண்டபத்தை வாடகையில்லாமல் தந்த வணிகர் சங்கப் பெரியவர்களே, நூலக நண்பர்களே, வணக்கம்.

ஜெர்மனியில் ஹெஸ்ஸன்-காஸல் என்ற சின்ன நாட்டை ஆண்ட இரண்டாம் ஃபிரெடரிக்கைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வந்திருக்கிறேன்: அவர் படையை வாடகைக்கு விட்டது, அருங்காட்சியகம் கட்டியது.

1776-இல் அமெரிக்கக் கிளர்ச்சியை அடக்க இங்கிலாந்துக்கு ஆள் வேண்டியிருந்தது. ஃபிரெடரிக் முதல் ஒப்பந்தத்திலேயே சுமார் 12,000 பேரைக் கொடுத்தார். அந்த டிசம்பர் 26 காலையில் அமெரிக்காவின் டிரென்டன் ஊரில் கிளர்ச்சிப் படைத் தலைவர் வாஷிங்டனிடம் சிக்கிய ஏறக்குறைய 900 பேர் இவருடைய ஆட்கள்தான். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1779-இல், காஸலில் அருங்காட்சியகம் திறந்தார். பொதுமக்களுக்காக ஐரோப்பாவில் எழுந்த முதல் அருங்காட்சியகக் கட்டடங்களில் ஒன்று. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தால் புண்ணியம் யாருக்கு?

ஸொய்மே என்றொரு பையனின் கதையைக் கேளுங்கள். லைப்சிக்கில் இறையியல் படித்தவன், வயது 18. படிப்பை விட்டுவிட்டுப் பாரிஸுக்குக் கால்நடையாகக் கிளம்பினான். 1781-இல் வழியில் மன்னரின் ஆள்பிடிப்பவர்கள் மடக்கினார்கள். தான் யார் என்று காட்ட அவனிடம் இருந்தது பல்கலைக்கழகப் பதிவுத் தாள் ஒன்றுதான். அதையும் கிழித்துப் போட்டார்கள். அப்புறம் கப்பல். நாலு பேர் படுத்தாலே நிறைந்துவிடும் படுக்கையில் ஆறு பேர். ஒருவன் மட்டும் புரள முடியாது. வலது ஓரத்தில் கிடப்பவன் ‘திரும்பு’ என்று கத்துவான், ஆறு பேரும் சேர்ந்து புரள்வார்கள். கொஞ்ச நேரம் கழித்து இடது ஓரத்தான் கத்துவான், மறுபடியும் புரள்வார்கள். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகம் போய்ச் சேரும்வரை இப்படியே! பின்னாளில் கவிஞரான பிறகு அவரே எழுதி வைத்தது இது. அந்த ஆறு பேரின் தேங்காய்தானே காஸலில் உடைந்தது?

கிழித்த அந்தத் தாள்தான் என் மனத்தை விட்டுப் போகவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தமக்குப் படிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்துப் போடுகிறார்கள்! போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிற முதலாளிகள் இருக்கிறார்கள். ஏஜென்ட் வீடு கட்டுகிறார், கோயிலுக்கு நன்கொடை தருகிறார். அதுவும் கடைத் தேங்காய்தான். ஒப்பந்தத்தைத் தமிழில் கொடு, விமானம் ஏறுவதற்கு முன்பே கொடு. எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்.

தலைவர் மணியைப் பார்க்கிறார், சரி. மனு வாசல் மேசையில் இருக்கிறது. முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வீட்டில் யாராவது வெளிநாடு கிளம்புகிறார்கள் என்றால், அவர்களுடைய ஒப்பந்தத்தை ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குக் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொல்கிறோம்.