கல்யாணத்துக்கு ஆம்புலன்ஸில் போன அப்பா

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "அப்பா ஐந்து வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். அத்தை மகள் கல்யாணத்துக்கு வேறு வழியில்லாமல் ஆம்புலன்ஸில் அழைத்துப் போனோம். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று மண்டபமே வாசலுக்கு ஓடிவந்துவிட்டது. நாற்காலியோடு ஏறுகிற டாக்ஸி, கூப்பிட்ட நேரத்துக்கு, எல்லோரும் கொடுக்கும் வாடகையில் கிடைக்காதா?"

முதலில் சிரித்துவிட்டேன். இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை.

சாய்தளம் பொருத்திய வாடகை வண்டிகள் நம் நாட்டில் இல்லாமல் இல்லை, பெங்களூரில் ஓடுகின்றன. ஆனால் மிகச் சில. அடுத்து என்ன சொல்வேன் என்று பழைய நேயர்களுக்குத் தெரியும்: வாடகையை ஏற்றுவது சாய்தளம் அல்ல, காலியாக ஓடும் தூரம். ஊருக்கு ஒரே வண்டி, அது துவாக்குடியில் நிற்கிறது, நீங்கள் ஸ்ரீரங்கத்திலிருந்து கூப்பிடுகிறீர்கள். 20 கிலோமீட்டருக்கு மேல் ஆளில்லாமல் வருகிறதே, அந்த டீசல் யார் தலையில் விழும்?

அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பஸ்ஸில் ஏற இயலாதவர்களுக்குத் தனி வண்டி அனுப்பியாக வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் முந்தின நாளே பதிவு செய்ய வேண்டும், பஸ் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு வரை வாங்கலாம். நாளைக்குப் பல் வலிக்கும் என்று இன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்!

லண்டன் கறுப்பு டாக்ஸியின் கணக்கு வேறு. 2000 முதல் அங்கே ஒவ்வொரு கறுப்பு டாக்ஸியிலும் சக்கர நாற்காலி ஏறியாக வேண்டும். தனி வண்டி என்ற பேச்சே இல்லை. கை காட்டினால் நிற்பது எதுவோ அதில் ஏறலாம். நாற்காலிக்காகக் கூடுதல் வாடகை கேட்டால் ஓட்டுநருக்கு 1,000 பவுண்டு வரை அபராதம். எல்லா வண்டியிலும் சாய்தளம் இருந்தால் எந்த வண்டியும் உங்களுக்காகக் காலியாக ஓட வேண்டியதில்லை. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று கோபிக்காதீர்கள், விஷயமே இதுதான்.

சென்னையில் என் மாமாவுக்கு ஒரு டாக்ஸி வந்தது. டிக்கியைத் திறந்தால் பாதி இடத்தில் சிஎன்ஜி சிலிண்டர். நாற்காலியைக் கூரையில் கயிறு போட்டுக் கட்டினார்கள். "என் காலை மேலே கட்டிவிட்டு என்னை மட்டும் உள்ளே உட்கார வைக்கிறாயா?" என்றார் மாமா. இறங்கும்போது ஒரு கால்தாங்கி வளைந்திருந்தது.

டாக்ஸியைக் கேட்டவர்கள் பஸ்ஸை ஏன் கேட்கவில்லை என்பதுதான் என் குறை. சென்னையில் 2024-இல் தாழ்தளப் பஸ்கள் வந்தன. நிறுத்தத்தில் பக்கவாட்டில் சாய்ந்து கொடுக்கும், சாய்தளம் விரியும். ஆனால் பஸ் நடைபாதையை ஒட்டி நின்றால்தான் அது பயன்படும். நடுச்சாலையில் நின்றால் சாய்தளம் சறுக்குமரம் ஆகிவிடும். நிறுத்தத்தை மறித்து நிற்கும் பைக்குகளை யார் எடுப்பது? இதற்குத் தனியாக ஒரு மணி நேரம் பேசலாம்.

சகோதரி, இப்போதைக்கு இதைச் செய்யுங்கள். டாக்ஸி கூப்பிட்டதும் ஓட்டுநருக்குப் போன் போட்டு, டிக்கியில் சிலிண்டர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். உங்கள் பகுதியிலேயே இன்னும் மூன்று நான்கு வீடுகளில் நாற்காலி இருந்தால், எல்லோருமாகச் சேர்ந்து ஒரு வேன்காரரிடம் மாத வாடகை பேசிப் பாருங்கள். சாய்தளம் வைக்க அவர் சம்மதித்தால், அந்த மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதியச் சொல்லுங்கள். நாற்காலியை வண்டித் தரையோடு இறுக்கிக் கட்ட நான்கு மூலைக்கும் பட்டை வேண்டும். அப்பாவுக்குத் தனி பெல்ட், அது நாற்காலியோடு வருகிற பெல்ட் அல்ல.