நீலத் தார்ப்பாய்க்கும் நிரந்தரக் கூரைக்கும் நடுவே: சூறாவளிக்குப் பிந்தைய வீட்டு மீட்பு எங்கே அறுந்துபோகிறது?

(திரையில்: கரீபியன் கடலின் வரைபடம், போர்ட்டோ ரிக்கோ தீவு)

2017 செப்டம்பர் 20 ஆம் தேதி காலையில் மரியா சூறாவளி, நான்காம் வகைப் புயலாக, போர்ட்டோ ரிக்கோவின் தென்கிழக்கில் உள்ள யபுகோவா அருகே கரையைக் கடந்தது. அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட, முப்பது லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழும் அந்தத் தீவு முழுவதும் மின்சாரம் நின்றது. கைப்பேசிக் கோபுரங்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு செயலிழந்தன. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமடைந்தன. காற்று ஓய்ந்த பிறகு அந்த வீடுகளுக்கு யார் யார் பொறுப்பேற்றார்கள், பொறுப்பு ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறியபோது குடும்பங்கள் எங்கே விடுபட்டுப் போயின என்பதே இந்தக் காணொளியின் பொருள்.

(திரையில்: முகாம், விடுதி அறை, தற்காலிகக் கூரை, நிரந்தர வீடு ஆகிய நான்கு படங்கள்)

அமெரிக்காவில் ஒரு பெரும் சூறாவளிக்குப் பிறகு வீடிழந்த குடும்பம் பொதுவாக நான்கு கட்டங்களைக் கடக்கிறது. முதலில் பள்ளிக்கூடத்திலோ விளையாட்டரங்கிலோ அமைக்கப்படும் முகாம். அதை உள்ளாட்சி நிர்வாகமும் செஞ்சிலுவைச் சங்கமும் நடத்துகின்றன. அடுத்து விடுதி அறை அல்லது வாடகை உதவி. அதற்குப் பணம் தருவது ஃபெமா எனப்படும் கூட்டாட்சி அவசரநிலை மேலாண்மை முகமை. மூன்றாவது, சேதமடைந்த வீட்டுக்கு மேல் போடப்படும் தற்காலிகக் கூரை அல்லது ஃபெமா தரும், வாகனத்தால் இழுத்துச் செல்லக்கூடிய டிரெய்லர் வீடு. கூரை போடும் வேலையைச் செய்வது ராணுவப் பொறியாளர் படை. நான்காவது நிரந்தர வீடு; அதற்கான பெரும் நிதி வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற மேம்பாட்டுத் துறை வழியாக மாநில அரசுக்கு வந்து, மாநில அரசின் திட்டம் ஒன்றின் வழியாகக் குடும்பத்தைச் சேர்கிறது.

குடும்பம் ஒன்றுதான். ஆனால் கட்டம் மாறும்போதெல்லாம் அலுவலகம் மாறுகிறது, விண்ணப்பம் மாறுகிறது, தகுதி விதியும் கெடுவும் மாறுகின்றன. ஒவ்வொரு துறையும் தன் பங்கை ஓரளவு ஒழுங்காகவே செய்து முடித்த பிறகும் ஆயிரக்கணக்கான வீடுகள் கூரையில்லாமல் நிற்பதற்கு முதன்மையான காரணம், இந்தக் கட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கு எவரும் பொறுப்பாளராக நியமிக்கப்படாததுதான் என்பது என் உறுதியான கருத்து.

முகாமைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 2005 இல் கத்ரீனா சூறாவளியின்போது நியூ ஆர்லியன்ஸ் நகரின் சூப்பர்டோம் அரங்கில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரமும் போதிய கழிப்பறை வசதியும் இல்லாமல் அடைந்து கிடந்ததை உலகம் பார்த்தது. முகாமாகத் திட்டமிடப்படாத மாநாட்டு மையத்திலும் ஏறத்தாழ அதே அளவு கூட்டம் திரண்டது. அதற்குப் பிறகு சட்டங்கள் திருத்தப்பட்டன. வளர்ப்புப் பிராணிகளை விட்டு வர மறுத்துப் பலர் வீட்டிலேயே தங்கிவிட்டதால், பிராணிகளுக்கும் திட்டமிட வேண்டும் என்று 2006 இல் தனிச் சட்டமே வந்தது. ஆனால் முகாமை மூடும் நாள் எப்போதும் நெருக்கடியானது. முகாம் பள்ளிக்கூடத்தில் இருந்தால், குடும்பங்கள் வெளியேறும்வரை வகுப்புகளைத் தொடங்க முடியாது. வகுப்புகள் தொடங்காதவரை பெற்றோர் வேலைக்குத் திரும்ப முடியாது. போவதற்கு ஓர் இடம் தயாராக இல்லாமல் முகாமை மூட முடியாது என்பதால், அடுத்த தங்குமிடத்துக்கான வேலை முகாம் திறக்கும் நாளிலேயே தொடங்கியிருக்க வேண்டும். நடைமுறையில் அது வாரக்கணக்கில் தாமதமாகவே தொடங்குகிறது.

விடுதி அறைக் கட்டத்தில் சிக்கல் வேறு வகையானது. ஃபெமா அறை வாடகையையும் வரியையும் நேரடியாக விடுதிக்குச் செலுத்துகிறது. முன்பணமோ கடன் அட்டையோ விடுதி கேட்டால் அதற்குக் குடும்பமே வழி தேட வேண்டும். மரியாவுக்குப் பிறகு புளோரிடா, நியூயார்க், மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களின் விடுதிகளில் தங்கவைக்கப்பட்ட குடும்பங்கள், சில வாரங்களுக்கு ஒருமுறை வெளியேறும் தேதி நெருங்குவதும் பின்பு நீட்டிக்கப்படுவதுமாக மாதங்களைக் கழித்தன. 2018 ஜூன் இறுதியில் திட்டம் முடிவதாக அறிவிக்கப்பட்டபோது வழக்குத் தொடரப்பட்டு, நீதிமன்ற உத்தரவால் செப்டம்பர்வரை நீண்டது. அடுத்த மாதம் எங்கே இருப்போம் என்று தெரியாத ஒருவரால் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவோ, நிலையான வேலை தேடவோ, ஆண்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடவோ இயலாது. தேதியை நீட்டிப்பதற்கு முன் ஒவ்வொரு குடும்பத்தோடும் அதன் தேவைகளைக் கவனிக்கும் ஓர் அலுவலர் உட்கார்ந்து, அந்தக் குடும்பம் அடுத்து எங்கே போகப்போகிறது என்று எழுதி வைத்திருந்தால் இந்த அலைக்கழிப்பில் பெரும்பகுதி தவிர்க்கப்பட்டிருக்கும்.

(திரையில்: வானிலிருந்து எடுத்த படம், வரிசையாக நீலக் கூரைகள்)

இப்போது மூன்றாம் கட்டத்தின் தற்காலிகக் கூரையான இந்த நீலக் கூரையைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். இது கயிற்றால் இழுத்துக் கட்டப்படும் சாதாரணத் தார்ப்பாய் அல்ல. இழை சேர்த்து வலுவூட்டிய பிளாஸ்டிக் விரிப்பைக் கூரையின் முகட்டிலிருந்து இறக்கி விரித்து, அதன் மேல் ரீப்பர் கட்டைகளை வரிசையாக வைத்து, அடியிலுள்ள மரச்சட்டத்தில் ஆணி அடித்து இறுக்குகிறார்கள். எனவே ஆணி பிடிக்க அடியில் மரம் இருக்க வேண்டும். கூரையின் கட்டமைப்பில் பாதிக்கு மேல் சிதைந்துவிட்ட வீடு இந்தத் திட்டத்துக்குத் தகுதி பெறாது. வேலை தொடங்குவதற்கு முன் வளாகத்துக்குள் நுழைய அனுமதி தரும் படிவத்தில் உரிமையாளர் கையெழுத்திட வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு அந்த விரிப்பு குறைந்தது முப்பது நாள் தாங்கும் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது.

போர்ட்டோ ரிக்கோவில் ராணுவப் பொறியாளர் படை ஏறத்தாழ அறுபதாயிரம் வீடுகளுக்கு இந்தக் கூரையைப் போட்டது. அது பெரும் உழைப்பு. அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் வேலை 2018 மார்ச் மாதம்வரை நீண்டது. மரியாவுக்கு இரண்டு வாரங்களுக்கு முன் அதே கடற்பகுதியைத் தாக்கிய இர்மா சூறாவளிக்காக, தீவிலிருந்த ஃபெமா கிடங்கின் இருப்பில் பெரும்பகுதி அண்டையிலுள்ள விர்ஜின் தீவுகளுக்கு அனுப்பப்பட்டிருந்தது. மரியா வந்தபோது அந்தக் கிடங்கில் தார்ப்பாயும் மடக்குக் கட்டிலும் மிஞ்சவில்லை. அவசரமாகப் புதிய நிறுவனம் ஒன்றுக்குத் தரப்பட்ட, மூன்று கோடி டாலருக்கும் அதிகமான தார்ப்பாய் ஒப்பந்தங்கள் ஒரு விரிப்பும் வந்து சேராமலேயே ரத்தாயின. முப்பது நாள் கூரையைப் போட்டுவிட்டு அடுத்த கட்ட நிதி எப்போது வரும் என்று சொல்ல முடியாத நிலையில், வெயிலும் மழையும் விரிப்பைக் கிழித்துக்கொண்டே இருந்தன. ஐந்தாண்டு கழித்து, 2022 செப்டம்பரில் ஃபியோனா சூறாவளி தீவைத் தாக்கியபோதும் ஆயிரக்கணக்கான வீடுகள் நீல விரிப்பின் கீழேயே இருந்தன.

ஏன் இவ்வளவு தாமதம்? பணமின்மை ஒரு பகுதி விடைதான். இதைவிட ஆழமான காரணம் ஆவணத்தில் இருக்கிறது.

(திரையில்: மலைச்சரிவில் தகரக் கூரை வீடுகள்)

வீட்டைப் பழுதுபார்க்கும் உதவித்தொகை பெற, விண்ணப்பதாரர் அந்த வீட்டின் உரிமையாளர் என்றும் அதிலேயே குடியிருக்கிறார் என்றும் நிரூபிக்க வேண்டும். போர்ட்டோ ரிக்கோவின் மலைக் கிராமங்களில் தாத்தா கட்டிய வீட்டில் பேரன் குடியிருப்பான். தாத்தா இறந்த பிறகு வாரிசுப் பத்திரம் எழுதியிருக்க மாட்டார்கள். ஒரே மனையில் அப்பா கீழே கான்கிரீட் தளம் கட்ட, மகள் மேலே மரத்தாலும் தகரத்தாலும் தன் குடும்பத்துக்கென ஒரு மாடி எழுப்பியிருப்பாள். சில குடியிருப்புகள் பல பத்தாண்டுகளுக்கு முன் வெற்று நிலத்தில் மக்கள் தாமாகக் குடியேறி எழுப்பியவை. தீவின் சட்டப்படி சொத்துரிமையைப் பதிவேட்டில் ஏற்றியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பட்டா மாறாமல் தாத்தா பெயரிலேயே நிற்கும் வீட்டில் வாழ்பவர்கள் நம் ஊரிலும் எத்தனை பேர் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த நிலைமையை விளக்கத் தேவையில்லை.

பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் ஃபெமாவுக்கு வந்தன. அவற்றில் பல்லாயிரக்கணக்கானவை உரிமை நிரூபிக்கப்படவில்லை என்ற ஒற்றைக் காரணத்தால் நிராகரிக்கப்பட்டன. கூரை பறந்துபோன வீட்டைப் பரிசோதகர் நேரில் வந்து பார்த்திருப்பார். அந்தக் குடும்பம் அங்கேதான் வாழ்கிறது என்று அண்டை வீட்டார் அனைவரும் சொல்வார்கள். ஆனாலும் பத்திரம் இல்லாததால் மறுப்புக் கடிதம் வரும். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத ஊரில், விவரம் கேட்கத் தொலைபேசியையும் இணையத்தையும் நாடச் சொல்லும் கடிதம் அது.

இங்கேதான் இந்த வரலாற்றின் மிக முக்கியமான திருப்பம் வருகிறது. தீவின் சட்ட உதவி வழக்கறிஞர்கள் ஃபெமாவின் சொந்த விதிகளையே படித்துப் பார்த்தார்கள். பத்திரம் வைத்திருப்பவர் மட்டுமன்றி, வாடகை தராமல் குடியிருந்து வீட்டின் வரியையோ பராமரிப்பையோ ஏற்றுக்கொண்டவரும் உரிமையாளராகக் கருதப்படலாம் என்று அந்த விதிகளே கூறின. அதன் அடிப்படையில், குடும்பமே கையெழுத்திட்டுத் தரக்கூடிய எளிய உறுதிமொழிப் படிவம் ஒன்றை அவர்கள் வடிவமைத்தார்கள். 2018 இல் ஃபெமா அதை ஏற்றது. ஆனால் முன்பே நிராகரிக்கப்பட்ட குடும்பங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சென்று, இப்படி ஒரு வழி திறந்திருக்கிறது என்று சொல்லும் வேலையை முகமை மேற்கொள்ளவில்லை. தன்னார்வ அமைப்புகள் வீடு வீடாகச் சென்று எட்டியவர்களுக்கே அது பயன்பட்டது. 2021 செப்டம்பரில்தான் அமெரிக்கா முழுமைக்குமாக விதி தளர்த்தப்பட்டது. வாகனப் பதிவு, பள்ளியிலிருந்து வந்த கடிதம் போன்றவையும் சான்றாக ஏற்கப்பட்டன. வேறு வழியே இல்லாத வாரிசு வீடுகளுக்கு உறுதிமொழியும் போதும் என்றானது. எளிய படிவம்தான். அதை நாடு முழுவதற்கும் உரியதாக்க, மரியா கடந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆயின.

ஆவணம் இருந்தால் மட்டும் போதுமா? கத்ரீனாவின் அனுபவம் வேறொரு எச்சரிக்கையைத் தருகிறது. லூசியானா மாநிலத்தின் ‘ரோடு ஹோம்’ திட்டம், வீட்டின் புயலுக்கு முந்தைய சந்தை மதிப்பு, மீண்டும் கட்டும் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ அதை அடிப்படையாகக் கொண்டு, காப்பீட்டுத் தொகை போன்றவற்றைக் கழித்து உதவியை நிர்ணயித்தது. உச்சவரம்பு ஒன்றரை லட்சம் டாலர். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: ஒரே அளவுள்ள இரண்டு வீடுகள், இரண்டையும் பழையபடி கட்ட 1,40,000 டாலர் ஆகும். வெள்ளையர் வாழும் பகுதியில் உள்ள வீட்டின் சந்தை மதிப்பு 2,00,000 என்றால், அதற்குக் கணக்கு 1,40,000 இலிருந்து தொடங்கும். கறுப்பினத்தவர் பகுதியில் அதே வீட்டின் மதிப்பு 70,000 என்றால், அங்கே கணக்கு 70,000 இலிருந்துதான் தொடங்கும். சுவருக்கும் கூரைக்கும் ஆகும் செலவு ஒன்றே. குறைந்த மதிப்போ நெடுங்காலப் பாகுபாட்டின் விளைவு. வழக்கு நடந்து, விதி திருத்தப்பட்டு, 2011 இல் 6.2 கோடி டாலர் உடன்படிக்கையோடு முடிந்தபோது புயல் கடந்து ஆறு ஆண்டுகள் ஓடியிருந்தன.

அதே காலத்தில் ஃபெமாவின் டிரெய்லர்களில் வாழ்ந்த குடும்பங்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் இருப்பதாகத் தொடர்ந்து முறையிட்டன. ஒட்டுப்பலகைகளிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு கசிவது நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் சோதனையில் உறுதியாகி, 2008 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. சில மாதத் தங்கலுக்கென்று செய்த டிரெய்லரில் ஆண்டுக்கணக்கில் குடும்பம் நடத்த நேர்ந்ததால், ஆபத்து இன்னும் பெருகியது. நிரந்தர வீடு தாமதமானால் அதற்கு முந்தைய கட்டத்தின் குறைகள் எல்லாம் குடும்பத்தின் மேல் விழுகின்றன.

(திரையில்: பணம் செல்லும் பாதையைக் காட்டும் அம்புக்குறிகள்)

நிரந்தர வீட்டுக்கான கூட்டாட்சி நிதிக்கு நிலையான சட்ட ஏற்பாடு கிடையாது. ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனியாக நிதி ஒதுக்க வேண்டும். பிறகு வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற மேம்பாட்டுத் துறை அதற்கான விதிகளை வெளியிட வேண்டும். பிறகு மாநிலம் செயல்திட்டம் எழுதி ஒப்புதல் பெற வேண்டும். ஒரே சேதத்துக்கு இரண்டு உதவி பெறக் கூடாது என்ற சட்ட விதி இருப்பதால், ஃபெமாவும் காப்பீட்டு நிறுவனமும் கடன் வழங்கிய அமைப்பும் எவ்வளவு தந்தன என்பதை மாநிலத் திட்டம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சரிபார்க்க வேண்டும். அந்தத் தகவல் தனித்தனிக் கணினிகளில் கிடப்பதால், தன்னிடம் முன்பே கேட்டு வாங்கிய அதே காகிதங்களைக் குடும்பம் மறுபடி தேடி அலைகிறது. வெள்ளத்தில் போனவற்றில் அந்தக் காகிதங்களும் அடக்கம்.

ஆகவே புயல் பருவம் தொடங்கும் ஜூன் மாதத்துக்கு முன்பே தீர்க்க வேண்டியவை சில உண்டு. எந்தச் சான்று உரிமைக்குப் போதுமானது என்பதை உள்ளூர் நிலவரத்தைப் பார்த்து முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். முகாமில் பெயர் பதியும்போதே திறக்கப்படும் ஒரே கோப்பு, குடும்பத்தின் ஒப்புதலோடு, நான்கு கட்டங்களுக்கும் கூடவே செல்ல வேண்டும். நிராகரிக்கப்பட்டவர்களின் பட்டியலை யாரிடம் ஒப்படைப்பது, அவர்களைத் தேடிச் செல்வது எவர் வேலை என்பது பெயர் குறித்து எழுதப்பட்டிருக்க வேண்டும். போர்ட்டோ ரிக்கோவின் வீட்டுவசதித் துறை பேரிடர் மீட்பு நிதியிலிருந்தே ஒரு பகுதியை எடுத்து, பத்திரமில்லாத குடும்பங்களின் உரிமையை முறைப்படுத்தித் தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தார்ப்பாய் இருப்பைக் கணக்கெடுப்பதுபோலவே, புயல் பாதையில் உள்ள ஒவ்வொரு மாநிலமும் ஊர்வாரியாகப் பத்திரமில்லாத வீடுகளைக் கணக்கெடுத்து, அடுத்த பருவத்துக்கு முன் அந்த எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது என்று வெளியிட வேண்டும்.