கடவுள் இல்லை என்பது மட்டும் ஒரு கொள்கை ஆகுமா?

(சேலத்தில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சேலத்துப் பெரியோர்களே, தோழர்களே!

1944 ஆகஸ்ட் 27 அன்று இந்த ஊரில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. ஆங்கில அரசு தந்த ராவ்பகதூர், திவான்பகதூர் பட்டங்களைத் துறக்க வேண்டும், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் கூடாது என்று அந்த மாநாடு தீர்மானித்தது. அதை நடத்தியவர் தமிழ்நாடு அறிந்த நாத்திகர், தந்தை பெரியார். ஆனால் அந்தத் தீர்மானங்களில் எதுவாவது 'கடவுள் இல்லை' என்ற ஒற்றை வாக்கியத்திலிருந்து பிறந்திருக்க முடியுமா? முடியாது என்கிறேன். கடவுள் இல்லை என்று சொல்லிக்கொண்டே சாதிப் பட்டத்தையும் சுமக்கலாம். அதற்குத் தருக்கத்தில் தடையேதும் இல்லை. சாவர்க்கரும் கடவுள் நம்பிக்கை அற்றவர்தாம். அவர் கட்டியது இந்துத்துவம், பெரியார் கட்டியது சுயமரியாதை. இருவருக்கும் பொதுவான அந்த மறுப்பிலிருந்து அவர்கள் அரசியலில் ஒரு வரியைக்கூட ஊகிக்க இயலாது.

ஆகவே நாத்திகம் என்பது ஒரு கேள்விக்கு அளிக்கப்படும் ஒரு விடை. சமூகம் எப்படி இருக்க வேண்டும், யாருக்கு என்ன உரிமை என்பவற்றுக்கு அதனிடம் பதில் கிடையாது. அவற்றை வேறிடத்திலிருந்து கொண்டுவர வேண்டும். பெரியார் சமத்துவத்திலிருந்து கொண்டுவந்தார். நானும் நாத்திகன்தான். எனினும் நான் அவரை வணங்குவது கடவுளை மறுத்ததற்காக அன்று. கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் மனிதனை மறித்தவர்களை மறுத்ததற்காக.

நாத்திகமும் அறிவியலும் ஒன்று என்று நம் மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நம் பழைய இலக்கியமே இதை ஒப்புக்கொள்ளவில்லை. மணிமேகலைக் காப்பியத்தில் பூதவாதி, அதாவது பூதங்களின் சேர்க்கையே உலகம் என்பவர், ஒருவர் வருகிறார். கண்ணுக்குத் தெரிவதே உண்மை, தெரிந்ததிலிருந்து தெரியாததை ஊகித்தறியும் அனுமானம் செல்லாது என்பது அவர் கட்சி. மணிமேகலை சிரித்துக்கொண்டே கேட்கிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? என் நாத்திகத்துக்கு முன்னோடியான அவரிடம் எனக்கு அன்பு உண்டு. ஆனால் இந்த வாதத்தில் அவள் பக்கமே நிற்கிறேன். அனுமானத்தைத் தள்ளினால் அணு போகும், பரிணாமம் போகும். சேர்வராயன் மலையின் பாறை சுமார் 250 கோடி ஆண்டுகள் பழையது என்பதும் போகும். அதன் பிறப்பைப் பார்த்தவர் எவருமில்லை. அதிலுள்ள சிர்க்கான் படிகத்தில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து, அதிலிருந்து அனுமானித்தே வயதைச் சொல்கிறோம்.

இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் நடந்ததைப் பாருங்கள். பேரண்டம் விரிகிறது என்று 1927இல் எழுதி, பின்னர் அதற்கு ஒரு தொடக்கம் உண்டு என்றும் சொன்ன லெமெத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். விரிவதை ஏற்றுக்கொண்டே, அண்டத்துக்குத் தொடக்கமே இல்லை என்று வாதாடிய பிரெட் ஹொயில் நாத்திகர். 1965இல் பென்சியாசும் வில்சனும் கண்டறிந்த நுண்ணலைக் கதிர்வீச்சு, அண்டத்தின் தொடக்ககால வெப்பத்தின் எச்சம்; அது பாதிரியாரின் பக்கம் சாய்ந்தது. 1979இல் ஒரே கோட்பாட்டுக்காக நோபல் பரிசைப் பகிர்ந்தவர்களில் அப்துஸ் சலாம் இறைநம்பிக்கையாளர், ஸ்டீவன் வைன்பெர்க் நாத்திகர். சமன்பாடு இருவரையும் நீ யாரை நம்புகிறாய் என்று விசாரிக்கவில்லை.

மிகவும் வேதனையான கதை சோவியத் நாட்டுடையது. கடவுளை அரசே மறுத்த நாடு அது. அங்கே பயிர் மரபியல் அறிஞர் வவிலோவ் உலகெங்கும் அலைந்து விதை சேகரித்தார், பஞ்சத்தை வெல்வதற்காக. ஆனால் மரபணுவை மறுத்த வேளாண் அறிஞர் லைசென்கோவுக்கு ஸ்டாலினின் ஆதரவு இருந்தது. 1940இல் வவிலோவைக் கைது செய்தார்கள். 1943இல் சரத்தோவ் சிறையில் பட்டினியால் இறந்தார். உலகுக்குச் சோறு தேடியவர் பட்டினியால் இறந்தார், தோழர்களே! 1948இல் மரபியலே அங்கே தடைக்குள்ளாயிற்று. அதைச் செய்தது மதபீடம் அன்று. கட்சி வழி சோதனைச் சாலையின் முடிவைவிடப் பெரிதென்று எண்ணிய ஆட்சி அது. இதற்கு நாத்திகம் காரணம் என்று சொல்வோரை நான் ஏற்கவில்லை. ஆனால் நாத்திகம் அதைத் தடுக்கவும் இல்லை. நாம் மறக்கக்கூடாதது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

அப்படியானால் அறிவியலுக்கும் நாத்திகத்துக்கும் உறவே இல்லையா என்று இளைஞர்கள் கேட்கலாம். உண்டு. இடி, கிரகணம், அம்மை இவற்றுக்கெல்லாம் காரணம் சொல்லும் வேலையைக் கடவுளிடமிருந்து அறிவியல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. என்னை நாத்திகனாக்கியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. பூமிக்கு ஆறாயிரம் வயது என்று ஒருவர் சொன்னால் ஏற்காட்டுப் பாறை அவருக்கு நேரடியாகப் பதில் சொல்லும். ஆனால் மலையுச்சிக் குகைக் கோயிலில் சேர்வராயனைக் கும்பிட்டால் மனத்துக்குத் தைரியம் வருகிறது என்று ஓர் அம்மா சொன்னால், அந்தப் பாறையிடம் மறுமொழி இல்லை. அங்கே கடவுள் இல்லை என்று நான் சொல்வது என் சிந்தனையின் தீர்ப்பு. அதற்குரிய காரணங்களை நானே என் பெயரில் எடுத்துரைக்க வேண்டும்; ஆய்வுக்கூடத்தின் முத்திரையை அதன்மேல் குத்த எனக்கு உரிமை இல்லை.